கொரோனாக் கால நோட்டு: மாவட்ட எண்ணிக்கையும் ஊர்க் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி: பாம்பன் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நான், பிள்ளைகளின் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டு, தமிழக அரசு தினமும் மாலையில் வெளியிட்ட கொரோனா எண்ணிக்கையை எழுதத் தொடங்கினேன். புதிய பாதிப்பு, குணமடைந்தோர், இறப்பு, மொத்தம் என்று நான்கு கட்டங்கள். மாநிலத்துக்கு ஒரு வரி, அதன் கீழே ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு வரி. சுகாதாரச் செயலாளர் பீலா ராஜேஷ் தொலைக்காட்சியில் எண்களை வாசித்த நாட்களில் ஆரம்பித்த இந்தப் பழக்கம், ஜூன் மாதத்தில் அந்தப் பொறுப்புக்கு ஜெ. ராதாகிருஷ்ணன் வந்த பிறகும், அடுத்த ஆண்டு இரண்டாம் அலையிலும் தொடர்ந்து, மூன்று நோட்டுகள் நிறைந்துவிட்டன.

எங்கள் கடற்கரை ஊர்கள் அந்த இரண்டு ஆண்டுகளை எப்படிக் கடந்தன என்பதை ஒரு சிறு ஆவணமாக எழுதி வைக்கலாம் என்று இப்போது உட்கார்ந்தால், என் நோட்டே எனக்குப் பிடிபடவில்லை. 2021 மே மாதத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலுமாக ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று போனவர்கள். அந்த ஆறு பேரும் இறந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் சாவு விழுந்த நாளுக்கும் நோட்டில் எண் ஏறிய நாளுக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஆறு பேரில் இருவர் மதுரையில் இறந்தார்கள் என்பதால் அவர்கள் எந்த மாவட்டத்தில் சேர்ந்தார்கள் என்பதும் புரியவில்லை. இது போதாதென்று, நண்பர் ஒருவர் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தளத்திலிருந்து எடுத்துத் தந்த பட்டியலோடு ஒப்பிட்டால் மாநில எண்களே நாளுக்கு நாள் முரண்படுகின்றன. மாவட்டங்களை எல்லாம் கூட்டினாலும் மாநில மொத்தம் வருவதில்லை.

தவறு என் கையெழுத்திலா, அரசின் கணக்கிலா, அல்லது நான் கேட்கிற கேள்வியிலேயே பிழை இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நோட்டைத் திருத்திக்கொள்வேன்.


பதில் 1: கீழக்கரை புள்ளியியல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த மூன்று நோட்டுகளிலும் ஓர் எண்ணைக்கூடத் திருத்தாதீர்கள். அன்றைய மாலையில் மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதற்கு அவை சாட்சி. பிற்பாடு கிடைத்த தகவலைக் கொண்டு அடித்து எழுதினால் அந்தச் சாட்சியம் போய்விடும். திருத்தம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக நான்காவது நோட்டு ஒன்றைப் போடுங்கள்.

நீங்கள் எழுதியது அறிவிப்பு நாளின் கணக்கு. நீங்கள் தேடுவது சம்பவ நாளின் கணக்கு. இந்த வித்தியாசத்தை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. கரையில் ஏலம் போகிற கணக்கை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரர் ஒருவர், செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய கிழமைகளில்தான் கடலில் மீன் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாம். கொரோனா எண்ணிக்கையும் அப்படித்தான் கரைக்கு வந்தது. தொற்று ஒருநாள், காய்ச்சல் நான்கைந்து நாள் கழித்து, சளி மாதிரி கொடுத்தது இன்னொரு நாள், ஆர்டி-பிசிஆர் முடிவு வந்தது அதற்கும் பிறகு, அது மாலை அறிக்கையில் ஏறியது கடைசியாக. மரணம் என்றால் இந்த வரிசை இன்னும் நீளும். பாதிப்பு உச்சத்தைத் தொட்ட இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகே இறப்பு உச்சத்தைத் தொடும் என்பதால், ஒரே நாளின் பாதிப்பையும் இறப்பையும் வகுத்து விழுக்காடு கணக்கிட்ட பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் பிழையானவை. தமிழகத்தில் புதிய பாதிப்பு 36,184 என்ற உச்சத்துக்குப் போனது 2021 மே 21 அன்று. அன்றைய பாதிப்புக்கு உரிய மரணங்களை ஜூன் மாதப் பக்கங்களில் தேட வேண்டும்.

சில நாட்களில் பழைய பாக்கி முழுவதும் ஒரே நாளில் கொட்டப்பட்டது. 2020 ஜூலை 22ஆம் தேதி உங்கள் நோட்டில் மாநில இறப்பு வரியைப் பாருங்கள். அன்றைய இறப்பு 74. அதோடு மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை விடுபட்டிருந்த 444 மரணங்கள் சேர்க்கப்பட்டு, மொத்தம் 3,144 ஆனது. சென்னையின் மரணப் பதிவேடுகளையும் அரசின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வந்த திருத்தம் அது. நீங்கள் வரைபடம் போட்டால் அந்த ஒரு நாள் மட்டும் பனைமரம் போல நிற்கும். அன்றைக்கு அத்தனை பேர் சாகவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் பீகார் அரசு ஒரே மூச்சில் 3,951 மரணங்களைச் சேர்த்தபோது, நாட்டின் ஒருநாள் இறப்பு 6,148 என்று உலகச் செய்தியானதும் இதே கதைதான்.

மத்திய, மாநில முரண்பாட்டுக்குக் காரணம் எளிது. அமைச்சகத்தின் பட்டியல் காலை 8 மணி நிலவரம். தமிழகத்தின் அறிக்கை மாலையில் வந்தது. ஆகவே தமிழகத்தின் 21ஆம் தேதி எண் டெல்லியின் பட்டியலில் 22ஆம் தேதியில் நிற்கும். ஒரு வரி தள்ளி வைத்து ஒப்பிடுங்கள், பெரும்பாலானவை பொருந்திவிடும்.

மாவட்டக் கூட்டல் மாநில மொத்தத்தோடு ஒத்துவராததற்கும் காரணம் உண்டு. மாவட்டப் பட்டியலின் கீழே விமான நிலையக் கண்காணிப்பு, ரயில் நிலையக் கண்காணிப்பு என்று தனி வரிகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து இறங்கிய இடத்திலேயே பாசிட்டிவ் ஆனவர்கள் அந்த வரிகளில் இருந்தார்கள், எந்த மாவட்டத்திலும் இல்லை. துபாயிலிருந்தும் சார்ஜாவிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்த எங்கள் ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

கடைசியாக ஒரு யோசனை. அந்த மாலை அறிக்கைகளின் பிடிஎஃப் கோப்புகளை யாராவது சேமித்து வைத்திருந்தால் வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்து எண்களைத்தான் எல்லோரும் பார்த்தோம். பின்பக்கங்களில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு குறிப்பு இருந்தது. பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டத்தவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற இணை நோய்கள், எந்த மருத்துவமனையில் எந்தத் தேதியில் என்ன தொந்தரவோடு சேர்க்கப்பட்டார், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு இறந்தார் என்பது வரை இருக்கும். அந்தக் குறிப்புகளில் ராமநாதபுரம் என்று வருபவற்றை மட்டும் எடுத்து, இறந்த தேதிப்படி அடுக்கினால் உங்களுக்கு வேண்டிய நோட்டு கிடைக்கும்.


பதில் 2: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், உச்சிப்புளி

மேலே கீழக்கரை நண்பர் சொன்னது அனைத்தும் சரி. அந்த எண் எங்களிடமிருந்து எப்படி மேலே போனது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

ஒருவருக்குச் சளி மாதிரி எடுக்கும்போதே பெயர், வயது, முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் பதிந்து அவருக்கு ஓர் எஸ்.ஆர்.எஃப் எண் (மாதிரிப் படிவத்தின் அடையாள எண்) உருவாகும். முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், அந்த முகவரியைப் பார்த்துத்தான் மாவட்டத்துக்குப் பட்டியல் வரும். இதில் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது முகவரிதான். சென்னையில் பத்து வருடமாக வேலை பார்ப்பவருக்கு ஆதார் முகவரி மண்டபம் ஊரில் இருக்கும். பட்டியல் எங்களுக்கு வரும். நாங்கள் வீட்டைத் தேடிப் போனால் பூட்டு தொங்கும். கைபேசியில் அழைத்தால் அவர் சென்னையில் மருத்துவமனையில் படுத்திருப்பார். அவரை அந்த மாவட்டத்துக்கு மாற்றி எழுதினால் எங்கள் மொத்தத்தில் ஒன்று குறையும். நேற்றைய மொத்தத்தைவிட இன்றைய மொத்தம் குறைந்திருப்பதைப் பார்த்து, ஏதோ மறைக்கிறார்கள் என்று ஊரில் பேசுவார்கள். இதை எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மதுரையில் இறந்த உங்கள் ஊர்க்காரர்கள் இருவர் விஷயத்தில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது. மாலை அறிக்கையில் இறந்தவர் எந்த மாவட்டத்தவர் என்பது பார்க்கப்பட்டது. ஆகவே அவர்கள் அங்கே ராமநாதபுரத்தில் இருக்க வேண்டும். ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் எங்கே நிகழ்ந்ததோ அந்த இடத்தின் பதிவாளரிடம்தான் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆகவே அவர்களுடைய இறப்புச் சான்றிதழ் மதுரையில் கொடுக்கப்பட்டிருக்கும். உங்கள் ஊர் இறப்புப் பதிவேட்டில் அந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. நமது மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022 ஜனவரி 12 அன்றுதான். இரண்டு பெரிய அலைகளும் அதற்கு முன்பே போய்விட்டன என்பதால், மூச்சுத்திணறல் முற்றியவர்களை மதுரைக்கு ஏற்றி அனுப்புவதே வழக்கமாக இருந்தது. இந்தக் கடற்கரையின் மரணங்களில் ஒரு பங்கு மதுரையின் பதிவேடுகளில் கிடக்கிறது.

வீட்டில் இறந்தவர்கள் கதை வேறு. மருத்துவமனையில் இறந்தால் மரணக் காரணத்தை மருத்துவர் படிவத்தில் எழுதுவார். பரிசோதனையில் உறுதியான கொரோனாவுக்கு யூ07.1 என்றும், உறுதியாகாமல் அறிகுறியை வைத்து முடிவு செய்ததற்கு யூ07.2 என்றும் இரண்டு குறியீடுகள் உண்டு. தினசரி அறிக்கையில் ஏறியவர்கள் பரிசோதனையில் உறுதியானவர்கள்தான். வீட்டில் இறந்தவருக்கோ சளி மாதிரியே எடுக்கப்பட்டிருக்காது. குடும்பத்தார் நெஞ்சுவலி என்பார்கள், வயோதிகம் என்பார்கள். வாசலில் தகரம் அடித்துவிடுவார்களோ, உடலைத் தர மாட்டார்களோ என்ற பயத்தில் காய்ச்சலைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உங்கள் தெருவின் ஆறு பேரில் வீட்டில் இறந்தவர் யாராவது இருந்தால், அவரை எந்தத் தேதியில் தேடினாலும் அரசுப் பட்டியலில் காண முடியாது.


பதில் 3: தொண்டி, தற்போது சார்ஜா

ஆசிரியர் அவர்களுக்கு ஸலாம். என் அத்தா (தந்தை) 2021 மே மாதக் கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார்கள். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிக்கு மேல் வெளுத்துப்போயிருந்தது; கொரோனா வார்டில்தான் ஆக்சிஜன் கொடுத்தார்கள்; ஆனால் அங்கே எடுத்த பரிசோதனை இரண்டு முறையும் நெகட்டிவ் என்று வந்ததால், மரணக் காரணம் நிமோனியா என்று மட்டுமே எழுதிக் கொடுத்தார்கள். உடலை மட்டும் கொரோனா முறைப்படி சுற்றிக் கொடுத்தார்கள். நான் இங்கே விமானம் இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, கைபேசியில்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

பிறகு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் ஒரு வழி பிறந்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று 2021 அக்டோபரில் முடிவானபோது, மரணக் காரணச் சான்றில் கொரோனா என்று இல்லாதது மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகாது என்றும், பாசிட்டிவ் ஆன அல்லது மருத்துவர் கொரோனா என்று கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இறந்தவர்களையும் கொரோனா மரணமாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. சந்தேகமுள்ள மரணங்களைப் பார்க்க மாவட்டம்தோறும் ஒரு குழு அமைத்தார்கள். என் தம்பி ஸ்கேன் படத்தையும் வார்டுச் சீட்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு தடவை அலைந்து, கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே அத்தா நிவாரணப் பட்டியலில் இருக்கிறார்கள். உங்கள் மாலை நோட்டில் இல்லை. குஜராத்தில் நிவாரணம் பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை, அரசு அறிவித்த மரண எண்ணிக்கையைப் போல் பல மடங்கு வந்ததற்கும் இதுவே காரணம்.

எங்கள் ஜமாஅத்தின் (பள்ளிவாசல் நிர்வாகத்தின்) மையவாடிப் பதிவேட்டில், அதாவது அடக்கத்தலப் பதிவேட்டில், அத்தாவின் பெயர், அடக்கம் செய்த நாள், நேரம் எல்லாம் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டுக்கு ஆர்டி-பிசிஆர் முடிவு தேவைப்படவில்லை. உங்கள் பக்கத்துப் பங்கு ஆலயங்களிலும் (தேவாலயங்களிலும்) அடக்கப் பதிவேடு இருக்கும் அல்லவா?


பதில் 4: மண்டபம் கேம்ப்

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. தினமும் மாலை ஆறரை மணிக்கு அந்த எண்ணைக் கேட்பதற்காகத் தொலைக்காட்சியை வைத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. எங்கள் பாட்டி இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டது அந்த எண்ணால்தான். மீன்பிடித் தடைக்காலத்தை 2020இல் மே 31ஆம் தேதியோடு முடித்துக்கொள்ள அரசு அனுமதித்த பிறகும், பக்கத்து மாவட்டத்தில் இத்தனை பாதிப்பு என்று கேட்டுவிட்டுக் கடலுக்குப் போக ஆள் சேராமல் கட்டிக் கிடந்த படகுகளை நான் பார்த்தேன். இந்தக் கணக்கால் ஊருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனாலும் எழுதுவதென்று முடிவு செய்துவிட்டால், பெயர்களை மட்டும் போடாதீர்கள். எங்கள் தெருவில் முதலில் பாசிட்டிவ் ஆன வீட்டைப் பார்த்து இன்றைக்கும், ‘கொரோனாக்காரர் வீடு’ என்று வழி சொல்கிறார்கள்.


பதில் 5: கீழக்கரை புள்ளியியல்

மண்டபம் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கும் நிம்மதி அடைவதற்கும் பெரிய காரணம் கிடையாது. ஏழு நாள் சராசரியைப் பார்த்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சரிவும் செவ்வாய்க்கிழமை ஏற்றமும் யாரையும் அலைக்கழித்திருக்காது. எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்து அந்த எண் வந்தது என்பதையும் சேர்த்தே வாசித்திருக்க வேண்டும். 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தமிழகத்தில் ரத்த மாதிரி எடுத்து நடத்திய ஆய்வில், மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோனது தெரியவந்தது. அதுவரை உறுதியான பாதிப்பைப் போல் அது ஏறக்குறைய 36 மடங்கு. பாதிப்பு எண்ணிக்கை என்று நாம் வாசித்தது பரிசோதனைக்கு அகப்பட்டவர்களின் எண்ணிக்கைதான்.

தொண்டி நண்பர் சொன்ன மையவாடிப் பதிவேடுதான் ஆசிரியருக்கு உண்மையான விடை என்று நினைக்கிறேன். எதனால் இறந்தார் என்ற வழக்குக்கே போகாமல், எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். 2017, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் மாதவாரியாக எத்தனை அடக்கங்கள், 2020இலும் 2021இலும் எத்தனை என்று பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள். கூடுதலாக நிற்பதுதான் மிகை மரணம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே 5 அன்று வெளியிட்ட மதிப்பீடும் இந்த முறையில்தான் போடப்பட்டது: இந்தியாவில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுமார் 47 லட்சம் மிகை மரணங்கள் என்று அது சொன்னது, 2021 முடிவில் அரசுக் கணக்கு 4.81 லட்சம். கணக்கிட்ட முறையை இந்திய அரசு ஏற்கவில்லை, அந்த வாதம் தனி. பதிவேடு ஒழுங்காக உள்ள ஒரு பங்குக்கோ ஜமாஅத்துக்கோ அத்தகைய மதிப்பீட்டுக் கணக்கெல்லாம் தேவையில்லை, விரல் விட்டு எண்ணலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். சிறிய ஊரில் சாதாரண ஆண்டிலேயே ஒரு மாதம் இரண்டு மரணம், இன்னொரு மாதம் ஏழு என்று ஏறி இறங்கும். ஆகவே ஓர் ஊரை மட்டும் வைத்துப் பேசாமல் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று நான்கைந்து ஊர்களைச் சேர்த்துப் பாருங்கள். மற்றொன்று, ஊரடங்கில் சில மரணங்கள் குறைந்தும் இருக்கின்றன. நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2019இல் 1.51 லட்சம், 2020இல் 1.32 லட்சம். படகுகள் கட்டிக் கிடந்த மாதங்களில் கடலில் நேரும் சாவும் குறைந்திருக்கும். ஆகவே 2020இல் உங்கள் மொத்தம் முந்தைய ஆண்டைவிடக் கூடவில்லை என்றால், கொரோனாவால் யாரும் சாகவில்லை என்று அர்த்தம் அல்ல.


கேள்வி கேட்டவர்: பாம்பன் ஆசிரியர்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தொண்டித் தம்பி, அத்தாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் நோட்டைத் தொட முடியவில்லை.

என் மாணவன் ஒருவன் அந்த மாலை அறிக்கைகளை மடிக்கணினியில் அப்படியே வைத்திருந்தான். நேற்றிரவு இருவரும் உட்கார்ந்து 2021 மே, ஜூன் மாதங்களின் பின்பக்கங்களைப் புரட்டினோம். நாங்கள் தேடியது எங்கள் எதிர்வீட்டுக்காரரை. வயதும், சர்க்கரை நோயும், மதுரையில் சேர்த்த தேதியும், இறந்த அதிகாலை நேரமும் ஒத்துப்போகிற ஒரு குறிப்பு ராமநாதபுரம் என்று கிடைத்தது. அவர் இறந்த பதினோராவது நாள் அறிக்கையில் அது இருந்தது. அந்தத் தேதியில் என் நோட்டின் இறப்புக் கட்டத்தில் உள்ள எண்ணை நான்தான் எழுதியிருக்கிறேன். அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. அந்த எண்ணுக்குள் அவர் இருக்கிறார் என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன்.

மதுரையில் இறந்த இன்னொருவரையும், ராமநாதபுரத்தில் இறந்த ஒருவரையும் இதேபோலக் கண்டுபிடித்தோம். ஆய்வாளர் ஐயா சொன்னபடி, வீட்டில் இறந்த இருவரைக் காணோம். ஆறாவது ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வயது ஒத்துப்போகிறது, சேர்த்த தேதி இரண்டு நாள் வித்தியாசப்படுகிறது. அவருடைய மகளிடம் மருத்துவமனைச் சீட்டு இருந்தால் கேட்கலாம், ஆனால் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மண்டபம் தம்பியின் யோசனைப்படி ஆவணத்தில் பெயரோ தெருவோ வராது. ஊரும் மாதமும் மட்டும். பழைய மூன்று நோட்டுகளை அப்படியே வைத்துவிட்டு, நான்காவது நோட்டில் 2017 முதல் கட்டம் போட்டுவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையைப் பார்த்து அடக்கப் பதிவேட்டைக் கேட்கப் போகிறேன். மண்டபம், வேதாளை, பெரியபட்டினம் ஜமாஅத்துகளில் பேசிக் கொடுக்கக்கூடியவர்கள் இங்கே யாராவது இருந்தால் தெரிவியுங்கள்.